மூலையில் ஒரு சிவப்புத் திட்டு

திருத்தணி மசாலா ஆலையின் டிரம்மில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் எப்படிக் கலக்கின்றன என்பதை ஜெபசீலன் கம்ப்யூட்டரில் புள்ளிப் படமாக்கியிருந்தான். எங்கும் ஒரே சீரான கலவை. கூட வேலை பார்க்கும் ஏகாம்பரத்துக்குப் பொறாமையில் எரிந்த வயிற்றில் ஒரு மூட்டை மல்லியே வறுத்திருக்கலாம்.

முதலாளியம்மா வருவதற்குள், ஜெபசீலனை மாட்டிவிட, ஏகாம்பரம் சிவப்புப் புள்ளிகளில் ஒரு கைப்பிடியைப் படத்தின் மூலைக்குத் தள்ளித் திட்டாக்கிவிட்டான்.

அம்மா உற்றுப் பார்த்தார். "யார் பண்ண வேல இது?"

"சாட்சாத் ஜெபசீலன்தாம்மா!" என்று ஏகாம்பரம் முந்திக்கொண்டான்.

"நம்ம டிரம்முல அந்த மூலையிலதான் மிளகா கலக்காம நின்னுகினு இருக்குது. நேத்து அவன் காட்டுன படத்துல அது இல்ல. அத்தக் காட்டாத படம் எதுக்குன்னு இன்னிக்கு அவன வேலைய விட்டு அனுப்பத்தான் வந்தேன். இப்பத்தான் உள்ளத உள்ளபடி போட்டிருக்கான். இனிமே அவன்தான் மேனேஜரு. ஏகாம்பரம், சாருக்கு டீ சொல்லு!"