ஒஸ்தா கூட்டி வந்த பிள்ளை

“அந்தாளு மட்டும் இங்க வரட்டும், வாசல்லயே நிறுத்தி நாலு கேள்வி கேக்குறேன்!”

ஹாலித் கொதித்துக்கொண்டிருந்தான். கொதிக்காமல் என்ன செய்வான்? பாலக்கரையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ‘இலவச சுன்னத் முகாம்’ என்று அவன்தான் பேனர் கட்டியிருந்தான். புத்தூரில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் சிவசங்கர், லீவு நாள் என்றும் பார்க்காமல் நர்ஸுகளோடு காலையிலேயே வந்துவிட்டார். மருந்து இருந்தது, கட்டில் இருந்தது, அழுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க ஐஸ்கிரீம்கூட இருந்தது. பிள்ளைகள்தான் இல்லை.

எதிர்ச்சாரியில் தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரோட்டைத் தாண்டி ஒருத்தரும் வரவில்லை. ஹாலித்தே போய்க் கூப்பிட்டுப் பார்த்தான்.

“எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் சலாம் ஒஸ்தாதான் செஞ்சாரு தம்பி,” என்றார் ஷரபுன்னிசா. “இந்த டாக்டரு ஸ்ரீரங்கத்துக்காரராமே, அவருக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்? மரத்துப்போற ஊசி போட்டா, பின்னாடி புள்ள பொறக்காதாமுல்ல?”

“யாரு சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

யார் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்பதில் ஹாலித்துக்குச் சந்தேகமே இல்லை. அப்துல் சலாம் ஒஸ்தாவேதான். பரம்பரை பரம்பரையாக அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு சுன்னத் செய்கிற குடும்பம். “அதோ பாரு தங்கக் குருவி!” என்று மேலே கையைக் காட்டுவார். பிள்ளை அண்ணாந்து பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அந்தக் குருவியை இதுவரை யாரும் பார்த்ததில்லை, பார்க்கப் போய் அலறாதவர்களும் இல்லை. முகாம் நடந்துவிட்டால் அவர் பிழைப்பில் மண்.

ஜமாஅத் பெரியவர்கள் வேறு கறாராகச் சொல்லியிருந்தார்கள். “இந்தத் தடவை யாரும் வரலைன்னா, இனிமே முகாம் கிகாம்னு எங்ககிட்ட வந்து நிக்காதே.”

“அப்போ நாங்க கிளம்பட்டுமா தம்பி?” என்று டாக்டர் கேட்ட நேரம் பார்த்து, சலாம் ஒஸ்தா தெருவுக்குள் வந்தார். கூடவே, புதுக் கைலியும் தொப்பியுமாக ஒரு சின்னப் பையன்.

“வந்துட்டாரு பாருங்க, வேடிக்கை பாக்க! இப்ப திருப்திதானே உங்களுக்கு?” என்று பாய்ந்தான் ஹாலித்.

ஒஸ்தா எதிர்ச்சாரியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“ஒண்ணு சொல்லிக்கிறேம்மா. போன வருஷம் நான் செஞ்ச ஒரு புள்ளைக்கு ரத்தம் நிக்கலை. தூக்கிக்கிட்டு புத்தூருக்கு ஓடினேன். இந்த டாக்டர்தான் பொழைக்க வச்சாரு. எவன் செஞ்சான்னு இன்னி வரைக்கும் வெளியில மூச்சு விடலை. நானே சொல்றேன், என் கைதான்.”

அப்படியும் யாரும் அசையவில்லை. ஒஸ்தா கையிலேயே ரத்தம் நிற்கவில்லை என்றால் வேறு யாரை நம்புவது? ஷரபுன்னிசா தன் பேரனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இவன் என் பேரன் அப்துல் அஹத். உப்பிலியபுரத்துல கட்டிக் கொடுத்தேனே என் மக பஸீலா, அவ புள்ள. இவனை இவரு கையிலதான் ஒப்படைக்கப் போறேன்.”

பையனைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். திரையை இழுத்து மூடினார்கள்.

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அலறல் கேட்கவில்லை. முனகல்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் பையன் வெளியே வந்தான். ஒரு கை கைலியை முன்னால் தூக்கிப் பிடித்திருக்க, இன்னொரு கையில் ஐஸ்கிரீம். காலை அகட்டி அகட்டி நடந்தான்.

ஷரபுன்னிசாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

“வலிச்சுதாப்பா?”

“வலிக்கவே இல்ல மாமி! அல்லா மேல சத்தியமா!”

“குருவி காட்டினாங்களா?”

“குருவியும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அவ்வளவுதான். மதியத்துக்குள் நாற்காலி போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கிப் போட வேண்டியதாயிற்று. ஒஸ்தா வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தலைமாட்டிலும் நின்று தங்கக் குருவியைக் காட்டினார். ஊசி போட்டு மரத்துப்போன பிள்ளைகள் நிதானமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது ஷரபுன்னிசா பேரனோடு டாக்டர் முன்னால் வந்து நின்றார். “உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும் டாக்டர். ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேப்பேன்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் போன பிறகு ஹாலித் டீயோடு டாக்டரிடம் வந்தான். அவனுக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்தியது.

“அந்த ஒஸ்தாவைப் பாத்தீங்களா டாக்டர்? இத்தனை வருஷமா ஊரான் புள்ளைக்கெல்லாம் கத்தி. சொந்தப் பேரன்னதும் பத்திரமா உங்ககிட்ட கூட்டிட்டு வந்துட்டாரு!”

டாக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“உங்களோட இருக்கட்டும் தம்பி, வெளியில சொல்லிடாதீங்க. திரையை மூடினதும் அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. ‘அன்னிக்கு அந்தப் புள்ளையையும் காப்பாத்தினீங்க, என் மானத்தையும் காப்பாத்தினீங்க. வாயால நன்றி சொன்னா பத்தாது’ன்னாரு. அப்புறம் காதுகிட்ட வந்து மெதுவா சொன்னாரு. ‘இவனுக்குப் போன வருஷமே நான் செஞ்சு முடிச்சுட்டேன் டாக்டர். சும்மா பெருசா ஒரு கட்டு மட்டும் போட்டு வெளியில அனுப்புங்க, மத்த புள்ளைங்கல்லாம் பயமில்லாம வரட்டும்.’”