கன்றுக்குட்டியின் இடது காது

பார்வையற்றவர்களுக்கென்று கட்டிய அந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். வாசலை ஒட்டி, மரத்தில் செதுக்கிய கன்றுக்குட்டி ஒன்று நின்றது. நெடுநாள் கழித்து வந்த ஜெபராணி நேராக அதனிடம் போய் இடது காதைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

“தம்பி, இது அந்தக் கன்னுக்குட்டி இல்லையே.”

“அதேதான் அக்கா. இந்தக் காது ரொம்பத் தேஞ்சு போச்சு. பார்க்க நல்லா இல்லைன்னு போன மாசம் புதுசு வெச்சோம்” என்றார் பொறுப்பாளர்.

“யாரு பார்க்கறதுக்கு?”

பொறுப்பாளர் உள்ளே போய்ப் பழைய காதைத் தேடி எடுத்துவந்து ஜெபராணியின் உள்ளங்கையில் வைத்தார்.

எல்லோரும் அந்தக் காதை வெளிப்பக்கம்தான் தடவுவார்கள். ஜெபராணியின் கணவர் தங்கப்பழம் மட்டும் பேசப் பேச அதன் உள்பக்கத்தில் பெருவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கல்யாணப் பேச்சை அவர் எடுத்ததும் இங்கே நின்றுதான். “முதல்ல காதை விடுங்க, அதுக்கு வலிக்கும்” என்று ஜெபராணி சிரித்தார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள், தங்கப்பழம் இருந்தவரை.

ஜெபராணியின் பெருவிரல் உள்பக்கத்துப் பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அந்த விரலுக்குப் பள்ளம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க அக்கா. இங்க சும்மாதான் கெடக்கு.”

ஜெபராணி வெகுநேரம் விரலை அசைக்காமல் வைத்திருந்தார். பிறகு காதைப் பொறுப்பாளரிடமே நீட்டினார்.

“வேண்டாம் தம்பி. வீட்டுல இருந்தா நான் தடவிக்கிட்டே இருப்பேன். அப்புறம் இது என் விரல் பள்ளமா ஆயிடும்.”