உம்மா அடைத்த வாசல்

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொத்தனாரின் உளி பட்டுச் சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. உள்ளே கல். அந்தக் காலத்தில் கடலில் வெட்டியெடுத்த பவளக்கல். உடம்பெல்லாம் பூப்பூவாய்ப் புள்ளிகள். நடுவில் உடையாத ஒரு சிப்பி.

சுபுஹானல்லாஹ்!

இந்தச் சுவரில் சாய்ந்துதான் டாக்டர் படிப்பு முழுக்கப் படித்தாள். முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தது தெரியாது.

கீழக்கரையின் பழைய வீடுகளில் பக்கத்து வீட்டுக்குச் சுவரிலேயே வாசல் இருக்கும். பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர. இந்தச் சுவருக்கு அப்பால் உம்மாவின் தங்கை, சாச்சியின் வீடு. சொத்துப் பிரித்தபோது அக்காளுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது. உம்மா வாசலை அடைத்துவிட்டாள்.

"என் மையத்து எடுக்கக்கூட இது தொறக்காது" என்று ஊர் கேட்கச் சொன்னாள்.

சொன்னபடியே போயும் சேர்ந்தாள்.

இப்போது வீடு பிரசவ ஆஸ்பத்திரியாகப் போகிறது. இரண்டாவது வழி இல்லாமல் அனுமதி கிடையாது. வழிவிட வேறு பக்கமும் இல்லை. அடைப்பை இடித்தால் பழஞ்சுவரே சரியலாம் என்றார் பொறியாளர்.

சரியாவிட்டாலும் சாச்சி சம்மதிக்க வேண்டுமே. சொல்லியனுப்பியதற்குப் பதிலே இல்லை. வீம்பில் அக்காளுக்குத் தப்பாத தங்கை.

கடைசிப் பூச்சும் விழுந்தது.

வளைவு முழுசாகத் தெரிந்தது. கல்லைக் கல் தாங்கி, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. கட்டியவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

வளைவை அடைத்திருந்த கற்களின் இடுக்கில் விரலை விட்டாள்.

விரல் உள்ளே போனது.

ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பதுபோல் வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

சுண்ணாம்பு இல்லை. சிமெண்டு இல்லை. கல்லை அடுக்க மட்டும் சொல்லியிருக்கிறாள் உம்மா. பூச்செல்லாம் ஊர் பார்க்க.

இந்த உம்மாவை அவளுக்குத் தெரியாது.

இன்னொரு கல்லை உருவினாள். வெளிச்சம் வந்தது.

அந்தப் பக்கம் பூசவே இல்லை.

துவாரத்தில் ஒரு முக்காடு அசைந்தது. சாச்சி. கையில் துடைப்பம்.

"கல்ல எல்லாம் ஒன் பக்கமே போடு. இங்கன இப்பத்தான் கூட்டி வச்சேன்."