கட்டிலுக்குக் கீழே இருந்த ஓயில்

“எஞ்சின் இறுகியிருந்தா நான் திரும்பவும் கத்தாருக்குத்தான் போகோணும், சப்னா. அத நெனச்சி ராவெல்லாம் நித்திர இல்ல.”

விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் நின்று றுஸ்தி சொன்னான். இரண்டு வருடம் கத்தாரில் லொறி ஓட்டிவிட்டு, முதல்நாள் பின்னேரம்தான் ஏறாவூருக்கு வந்து சேர்ந்திருந்தான். வீட்டுக்குக் கூரை போடவேண்டும் என்று போனான், கூரை போட்டாயிற்று. இனி முந்தியைப்போல வாவியில் தன் போட்டை ஓட்டி, ஆட்களை எதிர்க்கரையான படுவான்கரைக்கு ஏற்றி இறக்கினால் போதும். அதற்கு எஞ்சின் மனம் வைக்கவேண்டும்.

“அதெல்லாம் இறுகாது. தேத்தண்ணியக் குடிங்க,” என்றாள் மனைவி சப்னா.

“ஒனக்கு என்ன தெரியும்? ரெண்டு வருசம் சும்மா கிடந்த எஞ்சின். சரி, ஓயில் எங்க இரிக்கி?”

பெற்றோலோடு கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக் ஓயில் அது. அது இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே எஞ்சினின் கதை முடிந்துவிடும். மூன்று கான் வாங்கி வைத்துவிட்டுத்தான் றுஸ்தி விமானம் ஏறினான். கத்தாரிலிருந்து போன் எடுத்தால், சுகம் விசாரித்த கையோடு ஓயிலைத்தான் விசாரிப்பான். வெயில் படக்கூடாது. அடுப்படிப் பக்கம் வைக்கக்கூடாது. மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். ஈரம் பூந்தால் பால்போலக் கலங்கிப்போகும். எல்லாவற்றுக்கும் சப்னா “ஓம், ஓம்” என்பாள்.

இப்போது அவள் அறைக்குள் போய்க் குனிந்து, கட்டிலுக்குக் கீழேயிருந்து இரண்டு கான்களை இழுத்தெடுத்தாள். பலகையின்மேல், துணியால் போர்த்தி வைத்திருந்தாள்.

“கட்டிலுக்குக் கீழயா வச்ச?”

“தகரக் கொட்டிலுக்குள்ள மத்தியானச் சூடு தாங்காது. வீட்டுக்குள்ள ஆகக் குளிர்ச்சியான இடம் இதுதான். நான் மேல படுத்தன், அது கீழ படுத்திச்சி.”

றுஸ்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “திறந்த கான் ஒண்டு இருந்திச்சே?”

“அது இப்ப இல்ல. திறந்தா ரெண்டு வருசத்துக்கு மேல நம்பப்படாது. சீல் உடைக்காட்டி அஞ்சு வருசமும் நிக்கும்.”

“ஆரு சொன்ன?”

“பாறூக் காக்கா.”

பாறூக் காக்கா சந்தியில் எஞ்சின் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் சொன்னால் சரிதான். றுஸ்தி கானைத் திருப்பிப் பார்த்தான். அடியில் இருந்த திகதி நாலு மாதத்துக்கு முந்தியது.

“இது நான் வாங்கினது இல்லயே, புள்ள.”

“பழசு கிடக்கப்படாதெண்டு புதுசு எடுத்து வச்சன்.”

றுஸ்தி கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தன்னை நினைத்து, அவள் தொட்டும் பாராத எஞ்சினுக்குப் புது ஓயில் வாங்கி, அதன்மேல் படுத்து உறங்கியிருக்கிறாள். பாலைவனத்தில் கிடந்த இரண்டு வருடமும் அந்த ஒரு சொல்லில் கரைந்து போயிற்று.

“வா, இப்பவே போய்ப் பாப்பம்.”

“ஏழு மணிக்குப் போவம்.”

“ஏன் ஏழு மணி?”

“மொதல்ல இடியப்பத்தத் தின்னுங்க. ரெண்டு வருசத்துக்குப் பொறகு வந்த மனிசன வெறும் வயித்தோட அனுப்பேலுமா?”

ஏழு மணிக்கு இருவரும் துறைக்குப் போனார்கள். கண்டல் மரத்தில் கட்டியிருந்த போட் தண்ணீரில் மெல்ல ஆடியது. றுஸ்தி எஞ்சினை மூடியிருந்த படங்கை விலக்கி, அதன் தலையைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினான். பெற்றோலை அளந்து ஊற்றிவிட்டு ஓயில் கானைத் திறந்தான்.

“அஞ்சு லீற்றருக்கு நூறு மில்லி,” என்றாள் சப்னா.

“எனக்கே சொல்லித் தாறியா? கலந்தத ஒரு மாசத்துக்கு மேல வைக்கப்படாது, அது தெரியுமா ஒனக்கு?” என்றவன், நன்றாகக் குலுக்கித் தாங்கியில் ஊற்றினான். “பிஸ்மில்லாஹ்” என்று கயிற்றை இழுத்தான்.

ஒரே இழுவை. எஞ்சின் உறுமியது. கண்டலுக்குள் இருந்த நீர்க்காகங்கள் கூட்டமாகக் கிளம்பின.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றான் றுஸ்தி. முகமெல்லாம் பல். “பாத்தியா? ஓயில ஒழுங்கா வச்சா எஞ்சின் எத்தின வருசம் சும்மா கிடந்தாலும் இப்படித்தான் கிளம்பும். இது தெரியாமத்தான் கனபேர் எஞ்சினப் பழுதாக்கிற.”

“அப்பிடியா?” என்றாள் சப்னா. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்நேரம் துறைக்கு ஐந்தாறு பேர் வந்தார்கள். கையில் பையோடு ஓர் ஆசிரியை, கூடைகளோடு இரண்டு பெண்கள், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவர். வந்த முதல் நாளே ஆட்கள். றுஸ்தி பின்னால் எஞ்சினடியில் நிமிர்ந்து இருந்துகொண்டு, “வாங்க, வாங்க, ஏறுங்க,” என்று கூப்பிட்டான்.

எல்லோரும் பழகிய இடம்போல ஏறி இருந்தார்கள். றுஸ்தி வெளிநாடு போன பிறகு படுவான்கரைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த அன்னப்பூரணி டீச்சர் மட்டும் இருக்காமல் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி இந்தத் துறைக்குப் புதுசு போல. கொஞ்சம் எழும்பி முன்னுக்கு வந்து இருங்க. ரெண்டு வருசமா இந்த போட்ட ஓட்டுறது சப்னாதானே, அவ வந்து அதில இருந்தாத்தான் நாங்க வெளிக்கிடலாம்.”

றுஸ்தி எழும்பி முன்னுக்குப் போனான். படுவான்கரை வரும்வரைக்கும் அவனுடைய சிரிப்பு அடங்கவேயில்லை.