மழை அளக்கும் வாரம்

"வானம் என்ன, உங்க வீட்டுக்கு மட்டும் தனியா ஊத்துதா?"

டீச்சர் கேட்டதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் அந்தச் சிறுமி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளியில் அது செய்து கற்கும் வாரம். ஒன்றாம் வகுப்புக்கு இலை சேர்ப்பது, இரண்டாம் வகுப்புக்குக் களிமண், மூன்றாம் வகுப்புக்கு மழையை அளப்பது. கழுத்தை வெட்டிய பாட்டிலில் வரிசையாகக் கோடு போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று. தினமும் காலையில் எத்தனை கோடு என்று பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

"தண்ணி நேரா விழுற இடத்துல வைங்க. கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க." திங்கட்கிழமையே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் டீச்சர்.

செவ்வாயன்று எல்லோருக்கும் மூன்று கோடு. இவளுக்கு மட்டும் பதினொன்று. குழாய்த் தண்ணீர் பட்டிருக்கும், போகட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டாள். புதன்கிழமை பளீரென்று விடிந்தது. ராத்திரி ஒரு தூறல்கூட இல்லை. எல்லோரும் பூஜ்யம். இவள் நாலு!

"பாட்டிலை எங்க வச்ச?"

"நீங்க சொன்ன மாதிரிதான் டீச்சர். தண்ணி நேரா விழுற இடத்துல."

"மழையே பெய்யலையே! அப்புறம் எங்கேர்ந்து விழுந்துச்சு?"

சிறுமி வாயைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"டீச்சர், அவ வீட்டுக்கு மேல மட்டும் ஒரு குட்டி மேகம் இருக்காம்!" என்றது கடைசி பெஞ்சு. மறுபடி சிரிப்பு.

டீச்சர் நாலை அடித்துவிட்டு, சிவப்பு மையில் பெரிதாகப் பூஜ்யம் போட்டாள். "இந்த வயசுலயே புளுகா? உண்மைய எழுதறவங்களுக்குத்தான் இங்க ஸ்டார். தெரிஞ்சுக்க."

டீச்சருக்கு ஏற்கெனவே தூக்கம் கெட்டிருந்தது. படுக்கையறைக் கூரை ஒழுகி மெத்தை நனைந்து, ரெண்டு ராத்திரியாக ஹாலில் சுருண்டு படுத்ததில் கழுத்து வேறு பிடித்துக்கொண்டது. இடைவேளையில், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த எண்ணில், ஒழுகல் அடைக்கிற மேஸ்திரியைப் பிடித்தாள்.

"இன்னிக்கு நல்லா காஞ்சு கெடக்கு மேஸ்திரி. இன்னிக்கே வந்து முடிச்சுக் குடுத்துடுங்க."

"இன்னிக்கு வேற இடத்துல ஒத்துக்கிட்டேம்மா. மூணு மாசமா இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்து, இப்பத்தான்..."

"ராத்திரி மறுபடி மழையாம். அவங்ககிட்ட அப்புறம் வர்றேன்னு சொல்லிடுங்களேன். தெரிஞ்சவங்கதானே?"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "ரொம்பத் தெரிஞ்சவங்கதாம்மா."

"அப்புறமென்ன? கோச்சுக்க மாட்டாங்க. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மேஸ்திரி வீட்டு விலாசத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா."

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு சுருள் தார் ஷீட். அதை மொட்டைமாடியில் விரித்து, மிச்சமில்லாமல் உருக்கி ஒட்டினார். டீ வேண்டாமென்று இருட்டுவதற்குள் கிளம்பிப் போனார்.

அன்று ராத்திரி வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. டீச்சர் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

வியாழக்கிழமை எல்லோருக்கும் ஐந்து கோடு. சிறுமியின் நோட்டிலும் ஐந்து. அடியில் வேறு ஏதோ எண்ணை அழித்த தடம் இருந்தது. டீச்சர் அதைக் கேட்கவில்லை.

"பார்த்தியா? ஒழுங்கா அளந்தா ஒழுங்கா வருது!" என்று ஸ்டாரை ஒட்டினாள். சிறுமி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பகல் முழுக்க மழை. ராத்திரியும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். டீச்சர் ஸ்டூலில் ஏறி, மழை அட்டவணையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில்: 'நாங்களே பார்த்தோம், நாங்களே எழுதினோம்.' கீழே எல்லா வரிசையும் ஒன்றுபோல. பதினொன்றையும் மூன்றாக்கியாயிற்று.

"டீச்சர், பாப்பா பாட்டிலை வச்சுட்டு வந்துட்டா. இன்னிக்கு எல்லாரும் பார்ப்பாங்களேன்னு எடுத்தாந்தேன்."

வாசலில் ஒரு குரல். சிறுமி பதறி எழுந்து ஓடினாள்.

"வேணும்னுதாம்ப்பா வச்சுட்டு வந்தேன்! எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"நீ அளக்கணும்ல, கண்ணு? ஒரு சொட்டு சிந்தாம கொண்டாந்திருக்கேன்."

டீச்சர் இறங்கி வந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது பாட்டில்தான். எல்லாக் கோட்டையும் தாண்டி, விளிம்பு வரை தண்ணீர். அதை ஒரு முரட்டு உள்ளங்கை பொத்திப் பிடித்திருந்தது. விரலிடுக்கெல்லாம் தார்.

"இதை... இதை எங்க வச்சிருந்தா?"

"கட்டில் தலைமாட்டுல டீச்சர். மாடித் தண்ணி மொத்தமும் அந்த ஒரு விரிசல்லதான் இறங்குது. மழை விட்டாலும் மறுநாள் பூரா சொட்டும். புதன்கிழமை அடைச்சிடலாம்னுதான் ஷீட்டு வாங்கி வச்சிருந்தேன்..."

தண்ணீர் தளும்பாமல் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்த மேஸ்திரி, அப்போதுதான் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களாம்மா! ராத்திரி உங்க ரூம்ல ஒரு சொட்டுகூட விழலையே?"