முழங்காலை விசாரித்தவன்

எதையும் வாங்காமல் ஒருவன் நகைக்கடைக்கு அடிக்கடி வந்தால், ஒன்று கடையில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறான், இல்லையென்றால் கடையில் இருக்கும் தங்கத்தைப் பார்க்க வருகிறான். இந்தக் கடையில் இருந்த ஒரே பெண் முதலாளியின் மனைவி. பேரன் பேத்தி எடுத்தவள். ஆகவே சந்தேகத்துக்கே இடமில்லை.

அவனுக்கு ‘நலம்விரும்பி’ என்று பெயர் வைத்தது முதலாளியின் மச்சான். அக்கா புருஷன் கடையில் சேர்ந்ததிலிருந்து அவன் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

நலம்விரும்பி பளிச்சென்று உடுத்தியிருப்பான். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். “அண்ணே, முழங்கால் வலி பரவாயில்லையா?” என்பான். “அண்ணி, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?” என்பான். ஒருநாள் முதலாளியின் முழங்காலுக்கென்று ஒரு புட்டி தைலம்கூடக் கொண்டுவந்து கொடுத்தான். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதலாளி வியாபாரம் செய்வதே இப்படித்தான். வருகிறவர்களிடம் ‘வாங்குங்க’ என்று அவர் வாய் தவறியும் சொன்னதில்லை. தண்ணீர் கொடுப்பார், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார், மகள் படிப்பு, மாமியார் உடம்பு எல்லாவற்றையும் ஆற அமர விசாரிப்பார். கம்மலுக்குத் திருகாணி வாங்க வந்தவர்கள் சங்கிலியோடு திரும்பிப் போவார்கள். “நான் நகை விக்கறதில்ல, மனுஷங்களைச் சம்பாதிக்கறேன்” என்று பெருமையடித்துக்கொள்வார்.

ஆனால் தன்னையே ஒருவன் சம்பாதிக்கப் பார்க்கிறான் என்றதும் அவர் கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஆரம்பித்தார்.

“நாமளாவது விக்கறதுக்காக விசாரிக்கறோம்,” என்றாள் மனைவி. “இவன் எதுக்கு விசாரிக்கறான்? என் கூடப்பிறந்தவன் இங்கேயேதான் உக்காந்திருக்கான், உங்களுக்கு வலிக்கறது எந்தக் கால்னுகூட அவனுக்குத் தெரியாது.”

மச்சான் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான்.

முதலாளி ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டே விட்டார். “தம்பி என்ன தொழில் பண்றீங்க?”

“அது கிடக்கட்டும் அண்ணே. உங்களைப் பத்திச் சொல்லுங்க. மத்தியானம் நீங்க சாப்பிடப் போனா கடையில யார் இருப்பாங்க?”

முதலாளி மச்சானைக் கையால் காட்டினார். “மச்சான் இருப்பான்.”

நலம்விரும்பி மச்சானை மேலும் கீழும் பார்த்தான். “அப்ப யாரும் இல்லைன்னு சொல்லுங்க,” என்றான் அனுதாபத்தோடு. “பின்கதவு மரமா, இரும்பா?”

அடுத்த தடவை கூரையின் மூலைகளையெல்லாம் அண்ணாந்து பார்த்தான். “உங்களுக்கு எதை நினைச்சா ரொம்ப பயம்? மனசு விட்டுச் சொல்லுங்க அண்ணே,” என்றான். முதலாளி மனசு விடவில்லை, தூக்கத்தைத்தான் விட்டார். வாழ்நாள் சம்பாத்தியம் முழுக்க அந்தக் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அது போனால் மகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மருமகள் யாருடைய முழங்காலையும் விசாரிக்கிற ரகமில்லை.

காவல் நிலையத்துக்குப் போனார்.

“அவன் ஏதாவது எடுத்தானா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“எடுக்கல சார். கொடுத்தான்.”

“என்ன கொடுத்தான்?”

“தைலம்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “நலம் விசாரிச்சதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்க. அவ்வளவு பயமா இருந்தா அலாரம் வாங்கி மாட்டுங்க.”

முதலாளி நேராகக் கடைத்தெருவிலிருந்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார். அங்கிருந்த விற்பனையாளன் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “இருக்கறதிலேயே பெரிசு இதுதான். வேணும்னா சொல்லுங்க, இல்லைன்னா வழியை விட்டு நில்லுங்க,” என்றான்.

உறவு கொண்டாடாத அந்த மூஞ்சியை முதலாளிக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. யோக்கியன் என்று மனசு சொன்னது. பேரம்கூடப் பேசாமல் அலாரம், கேமரா, பின்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் என்று அள்ளிக்கொண்டு வந்து, கையோடு மாட்டிவிட்டார்.

அடுத்த நாள் நலம்விரும்பி வழக்கமான சிரிப்போடு வந்தான். தோளில் கனமான பை ஒன்று தொங்கியது. கூரை மூலையில் கேமராவைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

மச்சான் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வேகமாக எழுந்து ஷட்டரை இறக்கினான். பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். துளை போடும் மெஷின், திருப்புளி, கம்பி வெட்டுகிற குறடு, ஒயர் சுருள் எல்லாம் தடதடவென்று தரையில் விழுந்தன.

“பாத்தீங்களா மாமா,” என்றான்.

முதலாளிக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. “என்ன தம்பி, போட்ட திட்டமெல்லாம் பாழாப்போச்சா?”

“பாழாத்தான் போச்சு அண்ணே.” அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கண் கலங்கிவிட்டது. “இந்த ஒரு கடையை நம்பித்தான் இருந்தேன். வேற எங்கயும் போகக்கூட இல்ல. இனி வீட்டுல போய் என்ன சொல்லுவேன்?”

“வெக்கமில்லாம அதையும் எங்ககிட்டயே சொல்றியா?” என்றாள் முதலாளியின் மனைவி. “இதையெல்லாம் தூக்கிக்கிட்டு இன்னைக்கு என்ன பண்ண வந்தே? மரியாதையா உண்மையைச் சொல்லு.”

நலம்விரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

“இவ்வளவு பழகியாச்சு, இனிமே சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்கன்னு, நான் அலாரம் விக்கறவன்னு சொல்லத்தான் அண்ணி வந்தேன்.”