ஆணியில் மாட்டிய பை

சக்கரபாணி ஜவ்வாது மலை ஏறக் கிளம்பினால் போதும், மனைவி தேன்மொழி ஒரு சின்னப் பையைக் கட்டி வைத்துவிடுவாள். அதில் டார்ச், விசில், தீப்பெட்டி, ஓஆர்எஸ் பாக்கெட், கட்டுத்துணி எல்லாம் இருக்கும். இந்த முறை அதை ஆணியிலேயே மறந்துவிட்டுப் போனான். இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மாலை, முழங்காலில் கட்டோடு வந்தான்.

“பாறையில வழுக்கிட்டேன். நல்லவேள, நீ குடுத்த பை இருந்துச்சு. அதத்தான் மலையிலயே விட்டுட்டு வந்துட்டேன்.”

“பரவால்லைங்க, உக்காருங்க.”

பை ஆணியில்தான் தொங்கியது. திறந்து பார்த்தாள். ஓஆர்எஸ் இல்லை. கட்டுத்துணியில் பாதிதான் இருந்தது. அவன் முழங்காலில் இருந்த முடிச்சு, பூக்கட்டும்போது அவள் போடும் முடிச்சு.

அடுத்த மாதம் அவன் கிளம்பியபோது பையை நிறைத்தாள். அவனிடம் கொடுக்கவில்லை, அதே ஆணியில் மாட்டினாள்.